கார்டீலியாவை எப்படி வாசிப்பது: மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு

எவ்லின் வாஹ் எழுதிய 'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்' நாவலைக் கையில் எடுக்கிற நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் செபாஸ்டியன் பின்னால் போய்விடுகிறார்கள். போகட்டும், கரடி பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டில் திரிகிற அழகான குடிகாரப் பையனை யாருக்குத்தான் பிடிக்காது. மிச்சம் இருப்பவர்கள் ஜூலியா பக்கம். கடைக்குட்டி கார்டீலியாவை மட்டும் "சாமிப் பைத்தியம், ஆனா சிரிக்க வைப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளின் விடைத்தாளிலும் இதே கதைதான், 'விசுவாசத்தின் அடையாளம்' என்று ஒரு வாக்கியம், அப்புறம் அடுத்த ஆள். என் கட்சி வேறு. இந்த நாவலின் முடிவு உங்களுக்குப் பிடிபட வேண்டுமானால் கார்டீலியா பேசியதையும் செய்ததையும் விடாமல் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் ஒருத்தருக்குப் பக்தி சட்டமாக இருக்கிறது, இன்னொருத்தருக்குச் சுமையாக இருக்கிறது, அவளுக்கு மட்டும் அது மனிதர்கள் மேல் இருக்கிற பிரியமாக இருக்கிறது. அந்தப் பிரியத்துக்காக வீட்டுச் சட்டத்தை மீறவும் அவள் யோசிப்பதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் என்றால் கிறிஸ்தவன், கிறிஸ்தவன் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து உள்ளே போனால் பாதி நாவல் கைவிட்டுப் போய்விடும். மதுரையில் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்கு இன்னொரு கிறிஸ்தவர் புதிதாக வந்தால் காப்பி வருவதற்கு முன்பே "நீங்க ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்ற கேள்வி வந்துவிடும் இல்லையா. அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக்கும் சி.எஸ்.ஐ. பக்கத்துப் புராட்டஸ்டன்ட் மரபில் வந்தவை, ஃபாத்திமா கல்லூரி ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்க மரபு. அதே பிரிவினை இங்கிலாந்தில் இன்னும் கடுமையாக இருந்தது. ராஜாவின் சபை ஆங்கிலிக்கன். கத்தோலிக்கர்கள் சிறுபான்மை, நாடாளுமன்றத்தில் போய் உட்கார அவர்களுக்கு வழி பிறந்ததே 1829-ல்தான். ஆக, செபாஸ்டியனும் ஜூலியாவும் கார்டீலியாவும் பிறந்த மார்ச்மெய்ன் குடும்பத்துக்குப் பட்டமும் மாளிகையும் இருந்தாலும் மதத்தில் அது ஊரோடு ஒட்டாத வீடு. அதிலும் அம்மா பழைய கத்தோலிக்க வம்சம், அப்பா கல்யாணத்துக்காக மதம் மாறியவர். பிற்பாடு மனைவியையும் விட்டு, கோயிலையும் விட்டு, வெனிஸில் வேறொரு பெண்ணோடு இருக்கிறார். மூத்தவன் பிரைடி எதற்கும் விதிமுறை பேசுகிறவன், செபாஸ்டியனும் ஜூலியாவும் எப்படியாவது இதிலிருந்து ஓடப் பார்க்கிறவர்கள், அப்புறம் கார்டீலியா. கதை சொல்கிற சார்ல்ஸ் ரைடருக்கு மதமே கிடையாது, அவன் வெளியாள். எழுதிய வாஹ் 1930-ல் கத்தோலிக்கராக மாறியவர் என்பதால் வெளியே நிற்பவனின் எரிச்சலும் அவருக்குத் தெரியும், உள்ளே இருப்பவர்களின் பேச்சும் தெரியும்.

புத்தகம் வந்தது 1945-ல், வாஹ் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டது 1960-ல். பழையதில் இரண்டு பாகம், திருத்தியதில் மூன்று பாகம் என்பதால் அத்தியாய எண்ணை நம்பி யாரோடும் பேசாதீர்கள், காட்சியைச் சொல்லிப் பேசுங்கள். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு கார்டீலியா வாயைத் திறக்கிற இடங்களில் எல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். அதிகம் இருக்காது. முதலில் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையாக வருகிறாள், நடுவில் பதினைந்து வயதில், கடைசியில் இருபதுகளின் நடுவில். இடையில் நீண்ட இடைவெளிகள்.

முதல் வருகையை அவசரமாகத் தாண்டாதீர்கள். கான்வென்ட் பள்ளியிலிருந்து அவளைப் பற்றி வந்திருக்கும் சேதி, அங்கே இருக்கிற ஆக வயதான கன்னியாஸ்திரிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இவ்வளவு மோசமான பிள்ளை வந்ததில்லை என்பது. காரணம் என்ன தெரியுமா? அறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாவிட்டால் மரியாயின் பிள்ளைகள் சபையில் சேர முடியாது என்று மதர் சொல்ல, அப்படியென்றால் சேரவே மாட்டேன், என் காலணியை இடது பக்கம் வைத்தேனா வலது பக்கம் வைத்தேனா என்பதெல்லாம் மாதாவுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று இவள் பதில் பேசியிருக்கிறாள். கான்வென்ட்டில் படித்த யாருக்கும் இந்தப் பேச்சின் துணிச்சல் தெரியும். இங்கே பென்சிலால் அழுத்திக் கோடு போடுங்கள். மாதா மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை, மதர் போட்ட விதி மேல்தான் சந்தேகம்.

அதே காட்சியில் சார்ல்ஸ் தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்கிறான். அவள் அதிர்ச்சியடையவில்லை, வாதாடவும் இல்லை. உங்களுக்காகச் செபிக்கிறேன், ஆனால் முழுச் செபமாலை தர முடியாது, ஒரு பத்து மணிதான் என்கிறாள். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு: செபமாலையில் ஐந்து பத்துகள் உண்டு, ஒரு பத்து என்றால் பத்து அருள்நிறை மரியே, கூட ஒரு பரலோக மந்திரமும் திரித்துவப் புகழும், நிதானமாகச் சொன்னால் சில நிமிடம். அவளிடம் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய வாரம் ஒருமுறை முறை வரும், ரேஷன் கடை வரிசை மாதிரி. அந்த வரிசையில் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த லாயிட் ஜார்ஜ் இருக்கிறார், ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சர் இருக்கிறார், கான்வென்ட்டிலிருந்து எதற்கென்றே தெரியாமல் வெளியே அனுப்பப்பட்ட ஒரு பள்ளித்தோழியும் இருக்கிறாள். நம்ம வீட்டு ஆச்சிகள் சாயங்காலச் செபத்தில் வெளிநாட்டில் இருக்கிற பேரன், கல்யாணம் ஆகாத கொழுந்தன் மகள், கோர்ட்டு கேஸ் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டவர்களுக்கு இது வேடிக்கையாக மட்டும் தெரியாது.

அடுத்தது நாம் கொஞ்சம் நெளிய வேண்டிய இடம். ஆப்பிரிக்காவில் உள்ள கன்னியாஸ்திரிகளுக்கு ஐந்து ஷில்லிங் அனுப்பினால் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து அனுப்பியவர் பெயரையே வைப்பார்கள், எனக்கு இப்படி ஆறு கறுப்புக் கார்டீலியாக்கள் இருக்கிறார்கள் என்று பெருமையடிக்கிறாள். ஆங்கில விமர்சகர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நாம் அந்த ஐந்து ஷில்லிங்கின் இந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள். ஐரோப்பியக் குழந்தைகளின் காசைத் திரட்டி மிஷன் நாடுகளுக்கு அனுப்பும் பாலர் சபை 1843-ல் பிரான்சில் தொடங்கியது. மதுரை மிஷனை நடத்தியவர்களும் பிரெஞ்சு சேசு சபையினர்தான். ராமேஸ்வரம் சாலையில் போய் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்தைப் பாருங்கள், பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்து ஃபெர்டினான் செல் என்ற பாதிரியார் 1894-ல் எழுப்பியது, சுற்றிலும் நம்ம வயலும் கருவேலமும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வாசிக்கும்போது அந்த ஆறு பிள்ளைகளுக்கும் சொந்தப் பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியாது. கார்டீலியாவை நேசித்துக்கொண்டே இதைக் கேளுங்கள், இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம். அவள் வளர்க்கும் பன்றிக்குப் பெயர் பிரான்சிஸ் சேவியர் என்பதையும் இங்கேயே விழுங்கிக்கொள்ளுங்கள். சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்ததிலிருந்து தெற்கே அந்தப் பெயர் இல்லாத பங்கு கிடையாது. நம்ம பக்கம் பன்றிக்கு அந்தப் பெயரை வைத்தால் பங்குச்சாமி வீட்டுக்கே வந்துவிடுவார். அவள் வைத்தது கேலியில்லை, பிடித்த ஜீவனுக்குப் பிடித்த புனிதரின் பெயர், அவ்வளவுதான்.

மதுரைக்காரர்கள் தவறவிடுகிற ஒரு நகைச்சுவை இருக்கிறது, அதை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். ஜூலியாவைக் கட்டிக்கொள்வதற்காக ரெக்ஸ் மோட்ராம் என்ற பணக்கார அரசியல்வாதி கத்தோலிக்கராக மாறச் சம்மதிக்கிறான், ஒரு சேசு சபைக் குரு அவனுக்கு உபதேசம் சொல்லிக் கொடுக்கிறார். இடையில் கார்டீலியா புகுந்து, வாடிகனில் புனிதக் குரங்குகள் இருக்கின்றன, கிழக்கே கால் நீட்டிப் படுத்தால் இரவில் செத்தாலும் நேராகச் சொர்க்கத்துக்கு நடந்து போய்விடலாம் என்றெல்லாம் அவனிடம் அளந்துவிடுகிறாள். ரெக்ஸ் அத்தனையையும் தலையாட்டி ஏற்றுக்கொள்கிறான். இதை வாசிக்கும்போது இங்கே நிறையப் பேர் சிரிப்பதில்லை. ஏன் சிரிக்க வேண்டும்? அழகர்கோவில் மலையடிவாரத்தில் வாழைப்பழத்தைப் பிடுங்குகிற குரங்கைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறோம், வடக்கே தலை வைக்காதே என்று கேட்டுத்தான் வளர்ந்தோம். அதனால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கிண்டல் குரங்கைப் பற்றியது இல்லை, எதைச் சொன்னாலும் "சரி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும்" என்கிற ரெக்ஸைப் பற்றியது. கேட்டுச் சந்தேகப்படுகிற ஆளை கார்டீலியாவால் மதிக்க முடிகிறது, சார்ல்ஸிடம் அவள் எப்படிப் பேசினாள் என்று பார்த்தீர்களே. எதையும் பொருட்படுத்தாமல் ஆமாம் போடுகிறவனைத்தான் வைத்துச் செய்கிறாள்.

அப்புறம் சாவி. என்னைக் கேட்டால் அவளைப் புரிந்துகொள்ள முக்கியமான இடம் இதுதான், ஆனால் ஒரு கடிதத்தில் போகிற போக்கில் வருவதால் கண்ணில் படாது. செபாஸ்டியனின் குடி முற்றிப்போய் வீட்டில் மதுவைப் பூட்டி வைக்கிறார்கள். சார்ல்ஸ் அவனுக்குக் குடிக்கப் பணம் கொடுத்தான் என்று அம்மா லேடி மார்ச்மெய்ன் கோபித்து, சார்ல்ஸ் அந்த வீட்டை விட்டே போய்விடுகிறான். பிறகு கார்டீலியாவிடமிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வருகிறது. நானும் உங்களைப் போலத்தான் மாட்டிக்கொண்டேன், பட்லரின் சாவியைத் திருடி செபாஸ்டியனுக்கு விஸ்கி எடுத்துக் கொடுத்தேன், அவனுக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது என்கிறாள். அண்ணன் குடித்துக் கெட்டுப்போவதைப் பார்த்து அழுகிற தங்கையை நாம் நிறையக் கதைகளில் பார்த்திருக்கிறோம். பூட்டைத் திறந்து ஊற்றிக் கொடுக்கிற பக்தியுள்ள தங்கச்சியைப் பார்த்திருக்க மாட்டோம். அது சரியா தவறா என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல், அதே வீட்டில் அம்மா என்ன செய்கிறார் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்மா அவனைக் கண்காணிக்கிறார், சுற்றி ஆள் வைக்கிறார், எல்லாம் அவன் ஆன்மாவின் நன்மைக்காகத்தான், அவன் இன்னும் தூரமாக ஓடுகிறான். 'சாவி' என்று ஓரத்தில் எழுதிவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பதினைந்து வயதில் லண்டனில் ஒரு ஓட்டலில் சார்ல்ஸோடு அவள் சாப்பிடும் காட்சிக்கு வரும்போது ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். அம்மா இறந்துவிட்டார், லண்டன் வீடு விற்பனைக்குப் போய்விட்டது. சார்ல்ஸுக்கு அம்மாவைப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும், முகத்துக்கு நேரே சொல்கிறாள். கடவுளை வெறுக்க நினைக்கிறவர்கள் தங்களைப் போன்ற ஒருத்தரைக் கண்டுபிடித்து, இதுதான் கடவுள் என்று வைத்துக்கொண்டு அந்த ஆளை வெறுக்கிறார்கள், பாவம் அம்மாவுக்கு நடந்தது அதுதான் என்பது அவள் கணக்கு. அம்மா புனிதர் மாதிரி இருந்தார், ஆனால் புனிதர் இல்லை என்றும் சொல்லிவிடுகிறாள். சொல்லிவிட்டு மறுபடி சாப்பாட்டில் இறங்குகிறாள், ஓட்டலுக்குத் தனியாக யாரும் கூட்டிப்போனது இதுதான் முதல்முறை என்று சந்தோஷமாக. இந்தச் சாப்பிடுகிற வேகத்தை வாஹ் சும்மா வைக்கவில்லை. இதே பேச்சைக் கண்ணை மூடிக் கைகூப்பிச் சொல்லியிருந்தால் நமக்குத் தாங்காது.

அதே மேசையில்தான் மாளிகையின் சிற்றாலயத்தை மூடிய கதையும் வருகிறது. அது அம்மாவுக்கு அப்பா கல்யாணப் பரிசாகக் கட்டிக் கொடுத்தது. அடக்கப் பூசை முடிந்த பிறகு குருவானவர் வந்து பீடக்கல்லை எடுக்கிறார், தீர்த்தத் தொட்டியைக் காலி செய்கிறார், விளக்கை அணைக்கிறார், நற்கருணைப் பேழையை, அதாவது ஆண்டவரின் உடல் என்று நம்பும் அப்பத்தை வைக்கிற பெட்டியை, வெறுமையாகத் திறந்தே போட்டுவிட்டுப் போகிறார். இனி எப்போதும் பெரிய வெள்ளிதான் என்பது போல இருந்தது என்று கார்டீலியா சொல்கிறாள். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் இந்தப் பத்தியை எத்தனை முறை வாசித்தாலும் மேலோட்டமாகத்தான் போகும், அதனால் கண்ணால் பார்த்துவிடுங்கள், அதற்கு இங்கிலாந்து போக வேண்டாம். ஏதாவது ஒரு சாதாரண நாளில் கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்துக்குப் போங்கள், செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் எரிகிற விளக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே நற்கருணை இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் அடுத்த பெரிய வெள்ளிக்கு வழிபாடு தொடங்கும் முன்பே போங்கள். முந்தின நாள் ராத்திரியே பீடத் துணிகளை எல்லாம் உருவியிருப்பார்கள், பேழை திறந்து காலியாகக் கிடக்கும், வழக்கமான மணி ஒலிக்காது, கூட்டம் மட்டும் நிரம்பி வழியும். கும்பிட யாரும் இல்லாத வீடு மாதிரி அது ஏன் தெரிகிறது என்று பக்கத்தில் இருக்கிற பெரியம்மாவிடம் கேட்டால் அவரே சொல்வார். திரும்பி வந்து அந்தப் பத்தியை வாசியுங்கள்.

அந்த உரையாடலிலேயே அவள் தனக்குத் துறவற அழைத்தல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதாகச் சொல்கிறாள். அழைத்தல் இல்லாவிட்டால் எவ்வளவு ஆசைப்பட்டாலும் பிரயோசனம் இல்லை, இருந்துவிட்டால் எவ்வளவு வெறுத்தாலும் தப்ப முடியாது என்பது அவள் வாதம். செபாஸ்டியனுக்கு அது இருப்பதாக அவள் நினைத்திருந்தாள், தனக்கு இருக்கிறதா என்பது தெரியாது. பிறகு மடத்துக்குப் போகிறாள், அது ஒத்துவரவில்லை, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஆம்புலன்ஸ் வேலைக்குப் போகிறாள். திரும்பி வரும்போது அழகில்லாத, வேலை செய்து கைகால் முரட்டுத்தனமாகிப்போன பெண். சார்ல்ஸ் மனதுக்குள் பரிதாபப்படுகிறான். வாழ்க்கை வீணாகிப்போன பக்திமான் முதிர்கன்னி என்று நினைத்தீர்கள்தானே என்று அவளே கேட்டுவிடுகிறாள்.

நம்ம பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் "மடத்துக்குப் போய்த் திரும்பி வந்த பொண்ணு" என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். சமையற்கட்டில் குரலைத் தாழ்த்திச் சொல்லுவார்கள், அங்கே என்ன தப்புப் பண்ணினாளோ என்று ஒரு பேச்சு, இனி யார் கட்டுவார்கள் என்று இன்னொரு பேச்சு, வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க முதலில் கூப்பிடுவதும் அவளைத்தான். அந்தச் சித்திகளை நினைத்துக்கொண்டு இந்தப் பகுதியை வாசித்தால் சார்ல்ஸின் பார்வை எவ்வளவு மேலோட்டமானது என்று தானாகத் தெரியும். ஜூலியாவும் சார்ல்ஸும் கல்யாணம் ஆகாமல் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், பிரைடி அதைப் பாவம் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லி ஜூலியாவை அழ வைத்தவன். அதே வீட்டில் வந்து தங்கும் கார்டீலியா ஒரு வார்த்தை உபதேசம் செய்வதில்லை. செபாஸ்டியனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவளும் அவள்தான். கார்த்தேஜ் பக்கம் ஒரு துறவற மடத்தில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருப்பான், விளக்குமாறும் சாவிக்கொத்துமாகச் சுற்றி வருவான், அவ்வப்போது குடித்துவிட்டுக் கிடப்பான், கடைசியில் ஒருநாள் சாவான் என்று அவன் எதிர்காலத்தை விவரிக்கிறாள். சாவிக்கொத்து! ஓரத்தில் எழுதி வைத்ததை இப்போது திருப்பிப் பாருங்கள். தங்கை திருடிய சாவி எங்கே வந்து நிற்கிறது என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமோ என்னவோ, வாசித்ததற்கு அடையாளம் கிடைக்கும்.

அப்பா சாகக் கிடக்க வீட்டுக்குத் திரும்பும் பகுதியை இதற்குப் பிறகு ஒரே மூச்சில் வாசிக்கலாம். குருவானவரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று வீடே சண்டை போடுகிறது. சிற்றாலயம் என்ன ஆயிற்று என்று லார்ட் மார்ச்மெய்ன் கேட்பது கார்டீலியாவிடம்தான், அம்மா இறந்தபோது பூட்டிவிட்டார்கள் அப்பா என்கிறாள். ஓட்டல் மேசையில் கேட்ட கதை ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி பதில் போதும்.

சில எச்சரிக்கைகள். 'கிங் லியர்' நாடகத்தின் கடைசி மகள் பெயரும் கார்டீலியாதான், உண்மை பேசுகிற கடைக்குட்டி என்ற பொருத்தம் இருக்கிறது, ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிடுங்கள், அதையே ஒரு பக்கம் இழுக்காதீர்கள். அவளைப் புனிதையாக்காதீர்கள், அவளுக்கே அது பிடிக்காது. 1981 தொலைக்காட்சித் தொடரில் ஃபீபி நிக்கல்ஸ் சிறுமியாகவும் பெரியவளாகவும் நடித்திருக்கிறார், வாசித்து முடித்த பிறகு பாருங்கள், நன்றாக இருக்கும். 2008-ல் வந்த சினிமாவில் ஃபெலிசிட்டி ஜோன்ஸ் நல்ல நடிகைதான், ஆனால் இவ்வளவு பெரிய கதையை ஒரே படத்தில் அடைத்ததில் கடைக்குட்டிக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. படத்தை நம்பி இந்தக் கட்டுரையைக் குறை சொல்லாதீர்கள். புத்தகம் வாங்க மனமில்லாதவர்கள் புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தேடிப் பார்க்கலாம்.

நாலைந்து பேர் சேர்ந்து வாசிப்பதாக இருந்தால் விஸ்கியில் ஆரம்பியுங்கள். கார்டீலியா சாவியைத் திருடியது சரியா? வீட்டில் குடிக்கிற அண்ணனோ அப்பாவோ இருக்கிறவர்கள் முதலில் பேசட்டும், அவர்கள் பெரும்பாலும் அம்மா கட்சியாக இருப்பார்கள், இலக்கியம் பேசுகிறவர்கள் கார்டீலியா கட்சியாக இருப்பார்கள், சண்டை வரும். சண்டை சூடாக இருக்கும்போதே அந்தக் கடிதத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், சின்னக் கடிதம்தான், டீ ஆறுவதற்குள் வாசித்துவிடலாம்.